ஆற்றங்கரையில் சிறு படகு வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஊத்தான் மெலிந்தாங் பக்கம், சுங்கை பெர்ணம் (பெர்ணம் ஆறு) கரையோரத் தாமான்களிலும் பழைய தோட்டக் குடியிருப்புகளிலும் பொதுக் கரையில் படகு வைத்திருப்பவர்களுக்காகத் தொகுத்தது இது. வைக்க நினைப்பவர்களுக்கும், அந்தப் படகுகளைப் பார்த்து எரிச்சல்படும் அக்கம்பக்கத்தாருக்கும் சேர்த்துத்தான். படகு என்று இங்கே சொல்வது பதினாறு அடிக்குள் அடங்கும் பைபர் சம்பான், பலகைப் படகு, பிளாஸ்டிக் கயாக் இவற்றை மட்டும். பெரிய மீன்பிடிப் படகுகளுக்கு ஜெட்டி இருக்கிறது, அந்தக் கதை வேறு. கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறோம்.

வீட்டுக்கு எதிர்லதான் ஆறு. என் வீட்டுக்கு நேரா இருக்கிற கரை எனக்குத்தானே?

இல்லை. உங்கள் நிலம் கிராண்டில் (நிலப் பட்டாவில்) காட்டியிருக்கும் எல்லைக்கல்லோடு முடிகிறது. அதைத் தாண்டி ஆறு வரை இருப்பது பெரும்பாலும் ஆற்று ஒதுக்கு நிலம், நாம் ரிசாப் சுங்கை என்று சொல்வது. வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் (ஜேபிஎஸ்) வழிகாட்டுதல்படி 40 மீட்டருக்கு மேல் அகலமான ஆற்றுக்கு ஒவ்வொரு கரையிலும் 50 மீட்டர் ஒதுக்க வேண்டும். 5 மீட்டர்கூட இல்லாத ஓடைக்கும் 5 மீட்டர் உண்டு. பெர்ணம் நம் பக்கத்தில் முதல் வகை.

சில இடங்களில் கரை தோட்டக் கம்பெனியின் கிராண்டுக்குள் வருகிறது. எது எது என்று பார்வைக்குத் தெரியாது. லோட் எண்ணோடு நில அலுவலகத்துக்குப் போய் ‘சாரியான்’ (நிலம் யார் பெயரில் என்ற பதிவு விவரம்) எடுத்துப் பாருங்கள். கரையைப் பார்த்துக்கொள்ளும் உங்கள் குடியிருப்புச் சங்கம் ஒருமுறை எடுத்து வைத்துவிட்டால் ஆளாளுக்கு அலைய வேண்டாம்.

தாத்தா காலத்துல இருந்து அந்த இடத்துலதான் சம்பான் கட்டுறோம். அதுக்கு மதிப்பே இல்லையா?

மரியாதை உண்டு, உரிமை இல்லை. 1965 தேசிய நிலச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு, எத்தனை காலம் அனுபவித்தாலும் அரசு நிலத்தில் உரிமை பிறக்காது என்கிறது. கிராண்ட் உள்ள தனியார் நிலத்துக்கும் 341-ஆம் பிரிவு அதையேதான் சொல்கிறது. ஆகவே அறுபது வருடக் கதையும் ஆறு மாதக் கதையும் நில அலுவலகத்தில் ஒன்றுதான்.

தோட்ட நிலமாக இருந்து, “துரை வாயால சொன்னார்” என்பது மட்டுமே ஆதாரமாக இருந்தால், துரை மாறும்போதோ தோட்டம் கைமாறும்போதோ அது போய்விடும். எத்தனை படகு, எந்தப் பகுதி, எது வரை என்று நிர்வாகத்திடம் ஒரு பக்கக் கடிதமாக வாங்கி வையுங்கள். சங்கம் இடம் பிரிக்கும்போது பழைய குடும்பங்களுக்கு முதல் தேர்வு கொடுப்பது நல்ல வழக்கம். அது சங்கத்தின் பெருந்தன்மை, சட்டம் கொடுத்தது அல்ல.

அப்போ கரையில படகு வைக்கிறதே குத்தமா?

தூக்கி நகர்த்தக்கூடிய ஒரு சம்பானைக் கரையில் இழுத்துப் போட்டதற்காக யாரும் வழக்குப் போட வருவதில்லை. சிக்கல் நிலையான பொருளில்தான் தொடங்குகிறது: சிமெண்ட் தளம், தகரக் கொட்டகை, வேலி, பூட்டிய கேட். அனுமதி இல்லாமல் ஒதுக்கு நிலத்தை ஆக்கிரமிப்பது அதே தேசிய நிலச் சட்டத்தின் 425-ஆம் பிரிவில் குற்றம். இரண்டு பேர் பத்து நிமிடத்தில் எடுத்துவிடக்கூடியதை மட்டும் கரையில் வையுங்கள் என்பதே எங்கள் அளவுகோல்.

அதற்கு மேல் ஏதாவது வேண்டுமென்றால் 65-ஆம் பிரிவின் கீழ் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்துக்கு (எல்பிஎஸ்) சங்கத்தின் பெயரில் நில அலுவலகத்தில் மனு போடலாம். அவர்கள் ஜேபிஎஸ்ஸின் கருத்தைக் கேட்பார்கள். கிடைத்தாலும் அந்த ஆண்டு டிசம்பர் 31 வரைதான், பிறகு புதுப்பிக்க வேண்டும். இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது.

படகுக்கு லைசன் இருக்கு. அது இருந்தா கரையில வைக்கலாம்தானே?

லைசன் படகுக்கு, இடத்துக்கு அல்ல. எஞ்சின் படகை ஓட்டக் கடல்துறை இலாகாவின் லைசன் வேண்டும். மீன் பிடித்து விற்பதென்றால் 1985 மீன்வளச் சட்டப்படி மீன்வள இலாகாவின் லைசன் தனி. இரண்டும் இருந்தாலும் பொதுக் கரையில் எங்கே வைக்கலாம் என்பதை அவை தீர்மானிப்பதில்லை.

கரையில எவ்வளவு தூரம் மேல இழுத்துப் போடணும்?

தூரத்தைப் பார்க்காதீர்கள், உயரத்தைப் பாருங்கள். நம் பக்கம் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம் (கடலோடு சேர்ந்து ஆற்று நீர் ஏறுவது), இரண்டு வற்றம் (அது இறங்குவது). ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஓரிரு நாளில் ஏற்றம் உச்சத்துக்கு வரும். கிள்ளான் துறைமுகத்தில் அந்த நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் நான்கு மீட்டரை ஒட்டி இருக்கும், வடக்கே பினாங்கு போனால் இரண்டு மீட்டரளவு. நாம் நடுவில் இருக்கிறோம். இன்று மாலை தண்ணீர் நிற்கும் இடத்தைப் பார்த்துப் படகை விட்டுப் போகிறவர்கள்தான் பத்து நாள் கழித்துத் தேடுகிறார்கள்.

எளிய வழி: பௌர்ணமிக்கு இரண்டு நாள் கழித்து, ஏற்றம் உச்சத்தில் இருக்கும்போது கரையில் ஒரு முளை அடியுங்கள். அமாவாசைக்கும் அப்படியே செய்து, இரண்டில் உயரமானதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே அரை மீட்டர் உயரம் விட்டுத்தான் படகின் அடி இருக்க வேண்டும். இந்த முளை ஆண்டு முழுவதற்கும் போதாது. ஆண்டின் கடைசி மாதங்களில் கடல் மட்டமே ஏறுகிறது, மேலிருந்து மழைத்தண்ணீரும் சேர்கிறது. அப்போது முளையை மறுபடி சரிபார்க்க வேண்டும். ஏற்ற நேரங்களும் உயரமும் நில அளவை இலாகா (ஜூப்பெம்) ஆண்டுதோறும் வெளியிடும் அட்டவணையில் இருக்கும். அந்த நேரம் அதில் குறித்த நிலையத்துக்கு உரியது. ஆற்றில் உள்ளே வர வர ஏற்றம் தாமதமாகும், எவ்வளவு என்பதை உங்கள் துறையில் நீங்களே கடிகாரம் பார்த்துக் குறிக்க வேண்டும்.

பண்டு மேல வச்சா தண்ணியே வராதே. அங்க வச்சா என்ன?

வைக்கக் கூடாது. பண்டு என்பது ஊருக்குள்ளும் தோட்டத்துக்குள்ளும் ஆற்று நீர் நுழையாமல் தடுக்கும் மண் அணை. அதன் தலைப்பில் ஜேபிஎஸ்ஸின் மண்வாரியும் லோரியும் போக வேண்டும். பண்டைச் சேதப்படுத்துவது 1954 வடிகால் பணிச் சட்டத்தின் கீழ் வரும் விவகாரம்.

படகு நிற்பதைவிட அதை இழுப்பதுதான் கேடு. ஒரே தடத்தில் தினம் இழுத்தால் முதலில் புல் போகும், பிறகு அடித்தண்டு உரசிய இடத்தில் ஒரு கோடு விழும். அடுத்த பெரிய மழையில் தண்ணீர் அந்தக் கோட்டைத் தேடி வந்து இறங்கும், கோடு வாய்க்காலாகும். உடும்பு வளை ஒன்றும் பக்கத்தில் சேர்ந்தால் அந்த இடத்தில்தான் பண்டு உடையும். பண்டைத் தாண்டித்தான் ஆக வேண்டுமென்றால் எல்லோருக்கும் ஒரே ஒரு கடவு வைத்து, அதில் பலகை பதித்து, நான்கு அங்குல பிவிசி குழாய்த் துண்டுகளை உருளையாகப் போட்டு உருட்டுங்கள். ஆளுக்கொரு பாதை வேண்டாம்.

படகைக் கவுத்து வைக்கணுமா, நிமுத்தி வைக்கணுமா?

கவிழ்த்து வைப்பதே எப்போதும் நல்லது. மழை நிற்காது, கொசு வராது, குப்பை சேராது. விளிம்பு இரண்டு குறுக்குச் சட்டங்களில் உட்கார வேண்டும். பதினான்கு அடிப் படகுக்கு முனையிலிருந்து மூன்றடி உள்ளே ஒன்று, பின்பக்கத்திலிருந்து மூன்றடி உள்ளே ஒன்று. தரைக்கும் விளிம்புக்கும் ஓர் அடி இடைவெளி விட்டால் காற்றுப் போகும், புல் வெட்டும் மெஷினும் போகும்.

புரட்ட ஆள் இல்லாத கனமான பைபர் படகை நிமிர்த்தித்தான் வைக்க வேண்டியிருக்கும். அப்படியானால் முன்முனையைப் பின்பக்கத்தைவிட ஓர் அடியாவது உயர்த்தி, பின்பலகையின் அடியில் உள்ள பிளக்கைக் கழற்றிவிடுங்கள். கழற்றிய பிளக்கைப் படகுக்குள்ளேயே ஒரு கயிற்றில் கட்டுங்கள், வீட்டு மேசை டிராயரில் போட்டால் பிறகு அது கிடைக்காது. பிளக் துவாரத்தை இலை அடைப்பது சாதாரணம். திறந்த படகின் வாய் நான்கு சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 மில்லிமீட்டர் மழையில் 200 லிட்டர், அதாவது 200 கிலோ உள்ளே சேரும். தாங்குகட்டை இல்லாத இடத்தில் பைபர் விரிசல் விடுவது இப்படித்தான்.

அடியில என்ன வைக்கிறது? பழைய லோரி டயர், பனைத் தண்டு எல்லாம் சும்மா கிடக்கே?

இரண்டுமே வேண்டாம். டயரின் உட்குழிவில் தேங்கும் ஒரு கிண்ணத் தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குப் போதும், வெளியே கவிழ்த்தாலும் முழுதாக வடியாது. டயர்தான் வேண்டும் என்பவர்கள் அதை இரண்டாக அறுத்து, வளைவு மேல்நோக்கி இருக்கும்படி போடட்டும்.

செம்பனைத் தண்டு சில மாதங்களில் உளுத்துவிடும். அதைவிட, உளுத்த தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடுகிறது. அந்த வண்டு கிளம்பி இளம் செம்பனையின் குருத்தைத் துளைக்கும். தோட்ட நிர்வாகம் கரையில் தண்டைப் பார்த்தால் படகோடு சேர்த்து எடுக்கச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தென்னந்தண்டும் அப்படியே.

கான்கிரீட் கல் நான்கு, அதன்மேல் மூன்றுக்கு மூன்று அங்குல கெட்டி மரச்சட்டம் இரண்டு, சட்டத்தின்மேல் பழைய ரப்பர் பைப்பைப் பிளந்து போர்த்துங்கள். நம் கரை மண் களிமண், மழைக்காலத்தில் கல் புதையும். ஒவ்வொரு கல்லுக்கும் அடியில் ஓர் அடிக்கு ஓர் அடி பலகைத் துண்டு ஒன்று போட்டால் பாரம் பரவும்.

கன்வாஸ் போட்டு இறுக்கி மூடிட்டேன். இனிமே கவலை இல்லல்ல?

நிமிர்த்தி வைத்த படகின்மேல் தட்டையாகக் கட்டிய கன்வாஸ் முதல் மழையிலேயே தொங்கி, நடுவில் தொட்டியாகிவிடும். படகின் நீளத்துக்கு ஒன்றரை அங்குல பிவிசி குழாயை முதுகுத்தண்டாக நிறுத்தி, கூரை மாதிரி இரண்டு பக்கமும் சரிய விடுங்கள். கயிற்றுக்குப் பதிலாக லோரி டியூப்பை இரண்டு விரல் அகலப் பட்டையாக வெட்டிக் கட்டினால் காற்றில் இழுபட்டு மறுபடி இறுகும், கன்வாஸின் கண்ணைக் கிழிக்காது. இரு முனையிலும் கைநுழையும் அளவுக்குத் திறந்து விடுங்கள். முழுக்க மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

டெங்கி ஆபீசர் வந்து படகுல கொசுப்புழு கண்டுபிடிச்சா யாருக்கு சம்மன்?

படகு யாருடையதோ அவருக்கு. 1975 நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டத்தின் கீழ் 500 வெள்ளி வரை கம்பவுண்ட் (அபராதம்) போடலாம். படகில் பெயரோ வீட்டு எண்ணோ இல்லாவிட்டால் அதிகாரி கரையைப் பார்த்துக்கொள்பவரைத் தேடுவார், அது சங்கத் தலைவர் வீட்டு வாசலில் முடியும்.

முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதனால் வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் சங்கிலி அறுந்துவிடும். ஞாயிறு காலை ஒரு சுற்றுப் போதும்: பிளக் துவாரம், இருக்கைக்கு அடியில் உள்ள மூலைகள், கன்வாஸ் மடிப்பு, நங்கூர வாளி, கயாக்கின் உட்காரும் குழி. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து (10 லிட்டருக்கு 1 கிராம்) வடிக்கவே முடியாத தண்ணீருக்கு. படகுக்கு அதைப் போடுவது சோம்பேறித்தனம்.

பலகைப் படகையும் இதே மாதிரிதான் வைக்கணுமா?

கவிழ்ப்பதும் தாங்குகட்டையும் அப்படியே. வெயில் விஷயத்தில் மட்டும் நேர்மாறு. பைபருக்கு வெயில் மேல்பூச்சைத்தான் வெளுக்கும். பலகைக்கு வெயில் இணைப்புகளைப் பிரிக்கும். மரநிழலில் வையுங்கள், மூன்று வாரத்துக்கு மேல் இறக்காமல் இருந்தால் ஈரச்சாக்கு போர்த்துங்கள். மறுபடி இறக்கும் முன் ஆழமில்லாத இடத்தில் கட்டி ஓர் இரவு ஊறவிட்டுப் பிறகு ஏறுங்கள்.

தண்ணீரிலேயே விட்டாலும் ஆபத்து. உப்பு கலந்த நீரில் தெமிலோக், அதாவது மரத்தைத் துளைக்கும் புழு மாதிரியான சிப்பி, இருக்கிறது. வெளியே ஊசித் துளைதான் தெரியும், உள்ளே மரம் சல்லடையாகியிருக்கும். அடிக்கு ஒட்டுயிர்த் தடுப்புப் பெயிண்ட் தடவுவதும், அடிக்கடி கரையேற்றிக் காய விடுவதும்தான் வழி. சுத்தியலின் பின்முனையால் அடியைத் தட்டிக்கொண்டே போங்கள். ‘டொக்’ என்று பொத்தலாகக் கேட்கும் பலகையை மாற்ற வேண்டும்.

கயாக் ஏழெட்டு சேர்ந்துடுச்சு. ரேக் எப்படிப் போடுறது?

ஒன்றரை அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில், இரண்டு நிற்கும் சட்டங்கள், நடுவே ஐந்து முதல் ஆறடி இடைவெளி. பன்னிரண்டடி கயாக் அதன் இரு முனையிலிருந்து கால்பங்கு தூரத்தில் தாங்கப்படும், அதுதான் சரியான இடம். தட்டுக்குத் தட்டு ஒன்றரை அடி உயரம். மேல்தட்டு நெஞ்சுக்கு மேல் போகக் கூடாது, போனால் ஒற்றை ஆள் தூக்கும்போது தலையில் விழும். குழாயின்மேல் நுரைக்குழல் போர்த்துங்கள்.

பிளாஸ்டிக் கயாக் மதிய வெயிலில் இளகும். ஒரே புள்ளியில் கயிறு போட்டு இறுக்கினால் அங்கே குழி விழுந்து அப்படியே நிற்கும். இரண்டு அங்குல அகலப் பட்டையால், நழுவாத அளவுக்கு மட்டும் கட்டுங்கள். முனைக் கைப்பிடியில் தொங்கவிடுவதும் கூடாது. ரேக்கையும் போல்ட்டில் சேர்த்து மண்ணில் ஊன்றுங்கள், கான்கிரீட் போடாதீர்கள். காரணம் மூன்றாவது கேள்வியில் இருக்கிறது.

இழுக்கிற வேலையே வேணாம், தண்ணியிலயே கட்டிப் போட்டா என்ன?

தினமும் ஆற்றில் இறங்குகிறவருக்குச் சரி. வாரம் ஒருமுறை போகிறவருக்குச் சரிப்படாது. சில வாரங்களிலேயே அடியில் சிப்பி ஒட்டத் தொடங்கும். மழைத்தண்ணீரை யாரும் இறைக்காவிட்டால் படகு முழுகும்.

கட்டுவதில் நடக்கும் தவறு கயிற்று நீளம். ஏற்றத்தில் குட்டையாகக் கட்டினால் வற்றத்தில் முன்முனை தொங்கும், பின்பக்கம் சேற்றில் மாட்டும். வற்றத்தில் குட்டையாகக் கட்டினால் ஏற்றத்தில் மூக்கைக் கீழே இழுத்துத் தண்ணீர் ஏறும். கம்பத்தில் தளர்வான வளையம் போட்டு அதில் கட்டினால் தண்ணீரோடு வளையம் ஏறி இறங்கும். பெரெம்பாங் போன்ற கரையோர மரங்களில் கட்டாதீர்கள். கயிறு பட்டையை அறுத்தால் மரம் சாகும், மரம் செத்தால் கரை சரியும்.

எஞ்சினைக் கன்வாஸ் போட்டு மூடிப் படகுலயே விடலாமா?

விட்டால் அது உங்கள் எஞ்சினாக ரொம்ப நாள் இருக்காது. 15 குதிரைசக்தி டூ ஸ்ட்ரோக் முப்பத்தைந்து கிலோவைத் தாண்டும், ஒரு தள்ளுவண்டி செய்துகொள்ளுங்கள். நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓடவிட்டுக் கழுவி, நிமிர்த்தி நிறுத்தி வையுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டப் போவதில்லை என்றால் கார்புரேட்டரில் உள்ள பெட்ரோலை வடித்துவிடுங்கள். பெட்ரோல் டின்னைக் கரையில் கன்வாஸுக்கு அடியில் ஒளித்து வைப்பது பக்கத்துப் படகுகளுக்கும் ஆபத்து.

வெள்ளமும் சுமத்ரா காத்தும் வரும்போது என்ன செய்யறது?

சுமத்ரா காற்று, அதாவது சுமத்ரா பக்கமிருந்து திடீரென வரும் பலத்த மழைக்காற்று, பெரும்பாலும் விடியற்காலையில் வருகிறது, அந்த நேரத்தில் யாரும் கரையில் இருக்க மாட்டார்கள். ஆகவே கட்டு எப்போதும் இருக்க வேண்டும். கயாக் முதலில் பறக்கும், கவிழ்த்த பைபர் படகு அடுத்து. வெள்ளத்தில் இன்னொன்று நடக்கும்: கவிழ்த்த படகுக்குள் காற்று அடைபட்டு அது அப்படியே மிதந்து போய்விடும். இரு முனையையும் தனித்தனியாகக் கட்டுங்கள்.

நான்கடி ஜிஐ குழாயைப் படகுக்கு எதிர்ப்பக்கம் தலை சாயும்படி மூன்றடி ஆழம் அடிப்பது கெட்டி மண்ணுக்குப் போதும். நம் களிமண்ணில் மழைக்குப் பிறகு அது கையோடு வரும். மூன்றடி நீளக் கெட்டி மரக்கட்டையில் சங்கிலி சுற்றி, மூன்றடி ஆழத்தில் படுக்கையாகப் புதைத்து, சங்கிலி முனையை மட்டும் வெளியே விடுங்கள். இழுக்கிற பாரம் கட்டை முழுதுக்கும் மேலிருக்கும் மண்மேல் விழும். ஒரு கட்டைக்கு இரண்டு படகு.

எங்க கரை முப்பது மீட்டர். எத்தனை படகு வைக்கலாம்?

இறக்கும் பாதைக்கு மூன்று மீட்டர் தள்ளுங்கள், அதில் எதுவும் நிற்கக் கூடாது. மீதம் 27. ஒன்றரை மீட்டர் அகலப் படகுக்கு நடக்கும் இடமும் சேர்த்து 2.2 மீட்டர். பன்னிரண்டு படகு. பதின்மூன்றாவதை நுழைத்தால் யாராவது ஒருவர் தன் படகை எடுக்க இன்னொருவர் படகை இழுக்க வேண்டிவரும், சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும். கயாக்குகளை ரேக்கில் ஏற்றிவிட்டால் ஒரு படகு இடத்தில் நான்கு அடங்கும்.

இடத்துக்கு வாடகை வாங்கலாமா?

நிலம் சங்கத்துடையது அல்ல. அதற்கு வாடகை வாங்கினால் அரசு நிலத்தை வாடகைக்கு விட்டதாகும். புல் வெட்டு, சட்டம், கல், சங்கிலி ஆகியவற்றுக்குப் பராமரிப்புச் சந்தா வாங்கலாம், ரசீதிலும் அந்தச் சொல்லையே எழுதுங்கள். கணக்கை ஆண்டுக் கூட்டத்தில் காட்டுங்கள்.

பூட்டுப் போட்டுச் சங்கிலியால கட்டணுமா? நம்ம ஆளுங்கதானே?

நம் ஆட்களை நம்பலாம், ஆற்று வழியாக வருகிறவர்களை எப்படித் தெரியும்? பூட்டுங்கள். ஆனால் வெள்ளத்தில் படகை நகர்த்த வேண்டி வந்தால் சாவி வேண்டும், ஒரு சாவி சங்கச் செயலாளரிடம் இருக்கட்டும்.

கரையில யாருதுன்னே தெரியாத படகு ரெண்டு மூணு கிடக்கு. தூக்கிப் போட்டுடலாமா?

எங்களைக் கேட்டால் கரைச் சிக்கல்களில் பாதிக்கு மேல் இங்கேதான் இருக்கிறது. இடம் போதவில்லை என்று சொல்கிற கரையில் போய் எண்ணிப் பாருங்கள், உபயோகத்தில் இல்லாத படகுகளே இடத்தை அடைத்திருக்கும். கொசு, எலி, சம்மன் எல்லாம் அந்தப் படகுகளிலிருந்துதான்.

எடுத்த எடுப்பில் தூக்கிப் போட்டால் நாளைக்கு உரிமையாளர் வந்து திருட்டு என்று போலீசில் புகார் கொடுக்கலாம். முறைப்படி செய்யுங்கள். முதலில் நான்கு பக்கமும், உள்ளே உள்ள எண்ணும் தெரியப் படம் எடுங்கள். பக்கவாட்டில் கடல்துறை லைசன் எண்ணோ மீன்பிடி எண்ணோ இருந்தால் அந்தந்த இலாகாவில் கேளுங்கள். பிறகு தேதி எழுதிய அறிவிப்பைப் படகிலும், சூராவிலும் (முஸ்லிம்களின் சிறு தொழுகை இடம்), கோயில் பலகையிலும், மளிகைக் கடையிலும் ஒட்டுங்கள். மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் இருக்கட்டும், படகு அக்கரையிலிருந்துகூட வந்திருக்கலாம். முப்பது நாள் கொடுங்கள். யாரும் வராவிட்டால் போலீசில் ஒரு புகார் பதிந்து, அதன் நகலோடு உள்ளூராட்சி மன்றத்திடம் அகற்றச் சொல்லுங்கள். அதுவரை நீங்கள் செய்யக்கூடியது அதைக் கவிழ்த்து வைப்பது மட்டும்.

இந்தத் தொல்லை மறுபடி வராமல் இருக்க, ஒவ்வொரு படகிலும் வீட்டு எண்ணை இரண்டு இடத்தில் பெயிண்டில் எழுத வேண்டும்: வெளியே பின்பலகையில், உள்ளே இருக்கைக்கு அடியில். ஸ்டிக்கர் ஒரு வெயில் காலம் தாங்காது. தொலைபேசி எண்ணைப் படகில் எழுத வேண்டாம், அது செயலாளரின் பதிவேட்டில் இருந்தால் போதும்.

பழசான பைபர் படகை எரிச்சிட்டா வேலை முடிஞ்சிடும்ல?

முடியாது, தொடங்கும். திறந்த வெளியில் எரிப்பது 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் குற்றம். பைபர் புகை நச்சு, எரிந்து முடிந்ததும் கண்ணாடி இழை கரையெங்கும் மிஞ்சும், வெறுங்காலில் நடக்கிற பிள்ளைகளுக்குக் குத்தும். எண்ணெய், பெட்ரோல் எல்லாம் வடித்து, முகமூடியும் கையுறையும் போட்டு, நனைத்துக்கொண்டே கிரைண்டரால் துண்டாக்கி, உள்ளூராட்சி மன்றம் சொல்லும் குப்பைக் கிடங்குக்கு லோரியில் அனுப்புங்கள்.

பாம்பு, முதலை பயம் இருக்கு. என்ன செய்யலாம்?

கவிழ்த்த படகைத் தூக்குமுன் கம்பால் இரண்டு தட்டுத் தட்டி, உங்களிடமிருந்து அப்பால் உள்ள விளிம்பைப் பிடித்து உங்கள் பக்கமாகத் தூக்குங்கள். உள்ளே இருப்பது எதிர்ப்பக்கமாக ஓடும், உங்கள் காலைத் தாண்டாது. குளவிக்கூடும் அங்கேதான் இருக்கும். எலி மூத்திரம் காய்ந்த படகை வெறுங்கையால் துடைக்காதீர்கள், எலிக்காய்ச்சல் வரும். குளோரின் கலந்த தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள்.

உப்பங்கழி ஆறுகளில் முதலை இருக்கிறது. மீன் கழுவிய தண்ணீரையும் குடலையும் படகுத்துறையில் கொட்டுவதுதான் அதை அங்கே பழக்குகிறது. கண்டால் பெர்ஹிலித்தானுக்கு (வனவிலங்கு இலாகா) சொல்லுங்கள், கல் எறிய வேண்டாம்.

பிள்ளைங்க படகு மேல ஏறி விளையாடுறாங்க. கீழ விழுந்தா யார் பதில் சொல்றது?

படகு உறுதியாக நிற்க வேண்டியது உரிமையாளர் பொறுப்பு. அதனால்தான் சரிவில் வைக்கும்போது அடியில் ஆப்பு, இரு முனையிலும் கட்டு. பிள்ளைகளைத் துரத்துவதற்குப் பதில் கவிழ்த்த படகைத் தாழ்வாக வையுங்கள், விழுந்தாலும் முட்டிதான் சிராயும்.

மாப்பிள்ளை படகை எங்க இடத்துல வைக்கலாமா? அவர் தெலுக் இந்தான்ல இருக்கார்.

இடம் வீட்டுக்குக் கொடுத்தது. விருந்தாளி படகென்றால் இரண்டு வாரம் வைக்கலாம், செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு. அதற்கு மேல் என்றால் உங்கள் படகை எடுத்துவிட்டு அவருடையதை வையுங்கள். ஒரு வீட்டுக்கு இரண்டு இடம் என்று ஒருவருக்குக் கொடுத்தால் அடுத்த கூட்டத்தில் எல்லோரும் மாப்பிள்ளையோடு வருவார்கள்.

பெரியண்ணன் ஒருத்தர் மூணு வருஷமா படகை இறக்கவே இல்ல. சந்தா மட்டும் ஒழுங்கா கட்டுறார். அந்த இடத்தை எனக்கு வாங்கித் தர முடியுமா?

விதியில் எழுதாமல் முடியாது. சந்தா கட்டுகிறவரை, உபயோகிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக வெளியே அனுப்பினால் அவர் கேட்கும் கேள்விக்குப் பதில் இருக்காது. ஆண்டுக் கூட்டத்தில் ஒரு வரியைச் சேருங்கள்: பன்னிரண்டு மாதத்தில் ஒருமுறையாவது படகு நீரில் இறங்க வேண்டும், அல்லது இறங்கும் நிலையில் இருப்பதை மார்ச் மாதச் சோதனையில் காட்ட வேண்டும். சோதனை என்றால் கவிழ்த்த படகைப் புரட்டி, பிளக்கைப் போட்டு, நான்கு வாளி தண்ணீர் ஊற்றி, கால் மணி நேரம் ஒழுகாமல் நிற்கிறதா என்று பார்ப்பது. விதி வருகிற ஆண்டிலிருந்துதான் செல்லும், போன மூன்று வருடத்துக்குப் பின்தேதியிட முடியாது.

அதற்கு முன் நேரில் போய் ஒரு வார்த்தை கேளுங்கள். வயதானவர் பல நேரம் படகைப் புரட்ட ஆள் இல்லாமல்தான் விட்டிருப்பார். நீங்கள் இரண்டு பேர் கைகொடுத்தால் அவர் படகு மறுபடி நீரில் இறங்கலாம், அல்லது அவரே உங்களுக்கு விற்கலாம். விற்றால் லைசனைப் பெயர் மாற்றவும், பின்பலகையில் உள்ள பழைய வீட்டு எண்ணை அழித்து உங்கள் எண்ணை எழுதவும் வேண்டும். இடம் தானாகப் படகோடு வராது, காத்திருப்போர் பட்டியலில் உங்கள் முறை வந்திருக்க வேண்டும்.